நாட்டு வெள்ளாட்டினம் நிலைக்கப் பொலிகிடாயைக் கவனியுங்கள்

பட்டியில் பிறக்கும் கிடாய்க்குட்டிகளில் எது விரைவாக வளர்கிறதோ, அதுவே முதலில் சந்தைக்குப் போகிறது. நான்கைந்து மாதத்தில் நன்றாகத் தேறிவிட்ட குட்டிக்கு எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலும், மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையிலும் வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு விலை சொல்கிறார்கள். கோயில் கொடை, தீபாவளி, பக்ரீத் என்று ஆண்டு முழுவதும் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. இப்படி விற்றது போக, நல்ல விலைக்குப் போகாமல் நின்றுவிட்ட சவலைக் குட்டி பெட்டைகளோடு சேர்ந்து மேய்ந்து, வயது வந்ததும் பொலிகிடாய் ஆகிவிடுகிறது. யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவை விலை போனதால் அது கிடாயாயிற்று.

இதைச் சிறிய தவறு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பெட்டை ஆடு ஓராண்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று குட்டிகள் கொடுக்கும். 30 பெட்டைகள் உள்ள பட்டியில் ஒரே கிடாய் இருந்தால், ஆண்டு முழுவதும் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன் அதுதான். குட்டி ஒவ்வொன்றுக்கும் பாதி இரத்தம் தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது. அப்படியானால், அடுத்த தலைமுறையில் அந்தப் பட்டியின் பாதி அந்தச் சவலைக் கிடாயே ஆகும். "முன்பு போல் ஆடு தேறவில்லை, குட்டி நிற்கவில்லை" என்று ஆடு வளர்ப்போர் வருந்தும்போது, குறை மேய்ச்சலில் மட்டும் இருப்பதாகச் சொல்வதற்கில்லை.

வருத்தம் முற்றியதும் பலர் செய்வது, வெளியிலிருந்து பெரிய சாதிக் கிடாய் ஒன்றை வாங்கி வந்து பட்டியில் விடுவதுதான். தலைச்சேரி, ஜமுனாபாரி, அண்மைக் காலத்தில் தென்னாப்பிரிக்க போயர் என்று அந்தக் கிடாய்கள் வருகின்றன. முதல் ஈற்றுக் குட்டிகள் எடை கூடி நிற்பதைக் கண்டு மகிழ்ச்சி ஏற்படுகிறது. ஆனால் நம் நாட்டு ஆட்டினங்கள் அழிவதற்கு வழி திறப்பது இந்த இடத்தில்தான்.

தென்மாவட்டத்து இரண்டு இனங்கள்

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகள் உள்ளன. இவ்வளவு ஆடுகள் இருக்கும்போது இனம் அழிவதாவது என்று தோன்றலாம். ஆடுகளின் எண்ணிக்கை வேறு, இனத்தின் எண்ணிக்கை வேறு. இந்த 99 இலட்சத்தில் பெரும்பகுதி எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல முடியாத கலப்பு ஆடுகளே. நாட்டில் 35-க்கும் மேற்பட்ட வெள்ளாட்டினங்களைத் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது, அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம். அவற்றில் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகிய மூன்றும் தமிழ்நாட்டுக்கு உரியவை.

கன்னி ஆடு தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில், பெரும்பாலும் கரிசல் காட்டில் வளர்வது. உடம்பு கருப்பு. முகத்தின் இரு புறமும் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு நோக்கி ஒரு கோடு இறங்கும். அடிவயிறும் கால்களின் உட்புறமும் அதே கோட்டின் நிறத்தில் இருக்கும். கோடு வெள்ளையானால் பால் கன்னி, செந்நிறமானால் செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவது இந்த இனத்தில் பரவலாகக் காணப்படும் குணமாகும்.

கொடி ஆடு தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தது. நெடிய கால், நீண்ட கழுத்து, ஒடிசலான உடம்பு. வெள்ளை உடம்பில் கருப்பு நிறம் தெறித்தாற்போல் இருந்தால் கரும்போரை என்றும், செந்நிறம் தெறித்திருந்தால் செம்போரை என்றும் சொல்வார்கள். செம்மறிக் கிடை வைத்திருப்போர் சில கொடி ஆடுகளையும் சேர்த்து வைத்திருப்பது வழக்கம். கிடைக்கு முன்னால் அது நடக்கும். செம்மறிகள் அதன் பின்னால் போகும். நாள் முழுவதும் நடந்தும் சோராத கால் அதற்கு உண்டு.

சேலம் கருப்பு, பெயருக்கேற்ப முழுக்கக் கருப்பு நிறம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு பகுதிகளில் உள்ளது. அது பற்றித் தனியே எழுத வேண்டிய அளவு செய்தி உண்டு. இங்கே தென்மாவட்டத்து இனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோடு ஒன்றை மட்டும் பார்த்துக் கன்னி ஆடு என்று முடிவு செய்வது சரியன்று. கலப்புக் குட்டிகளிலும் முகக்கோடு வருவதுண்டு. மூக்குத்தண்டு கிளிமூக்குப் போல் வளைந்து, காது ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கினால், எங்கோ ஒரு தலைமுறையில் ஜமுனாபாரி இரத்தம் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த ஆடுகள் வளரும் நிலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசி கழிந்தால் கரிசலிலும் தேரிக்காட்டிலும் புல் இல்லை. உடைமரத்துக் காயும் இலந்தைத் தழையும் சீமைக்கருவேல் நெற்றும்தான் தீவனம். தண்ணீர் ஒரு வேளை. சித்திரை வெயிலில் நடந்து மேய்ந்து, சினையும் தாங்கி, ஈன்ற குட்டிக்குப் பாலும் கொடுக்க வேண்டும். இந்தக் கஷ்டத்தைத் தாங்காதவை பல நூறு ஆண்டுகளாகக் கழிந்துபோய், தாங்கியவையே இனமாக நின்றன. இந்தத் தேர்வைச் செய்தது நிலமும் வெயிலும், அவற்றோடு மேய்ப்பவரின் கண்ணும். இந்தக் குணங்கள் எந்த மரபணுக்களில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்ட இன்னும் முடியாது. கலப்பில் கரைந்த பிறகு அவற்றைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது.

எட்டே ஆண்டுகள்

வெளிக்கிடாயால் இனம் எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன்னிப் பெட்டையை வேற்றினக் கிடாயோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைக்குட்டியில் கன்னி இரத்தம் பாதி. அந்தக் குட்டி வளர்ந்து மீண்டும் வேற்றினக் கிடாயோடு சேர்ந்தால் கால் பங்கு. அதற்கடுத்த தலைமுறையில் அரைக்கால், அதற்கும் அடுத்ததில் வீசம். வெள்ளாட்டில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். எட்டு ஆண்டுகளில் ஒரு பட்டி பதினாறில் ஒரு பங்கு மட்டுமே கன்னி ஆடாக இருக்கும். இத்தனைக்கும் ஓர் ஆடுகூட நோயில் சாகவில்லை. பட்டியில் தலைக்கணக்கும் குறையவில்லை. அதனால்தான் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜமுனாபாரிக்கு நேர்ந்ததும் கவனிக்கத் தக்கது. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்துச் சக்கர்நகர்ப் பகுதியில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு அதன் சொந்த ஊர். இந்தியா முழுவதும் மற்ற ஆடுகளைப் பெரிதாக்க அதைக் கொண்டுபோனார்கள். இந்தோனேசியாவில் "எட்டாவா" என்ற ஊர்ப்பெயரோடு அதன் வழிவந்த கலப்பினம் இன்றும் இருக்கிறது. உலகெங்கும் இரத்தம் கொடுத்த அந்த ஆடு, சொந்த மண்ணில் தூய இனமாகக் குறைந்த எண்ணிக்கையில்தான் மிஞ்சியிருக்கிறது. மதுரா அருகில் மக்தூமில் 1979இல் தொடங்கப்பட்ட மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் அதை மந்தையாக வைத்துக் காத்து வருகிறது.

இளப்பமாக எண்ணிய ஆட்டில் என்ன இருக்கும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. இதற்குச் செம்மறியில் ஓர் உதாரணம் உண்டு. வங்காளத்துச் சுந்தரவனத்தில் காரோல் என்று ஒரு சிறு செம்மறி. வளர்ந்த பெட்டை 15 கிலோகூடத் தேறாது. ஆனால் இரண்டும் மூன்றுமாகக் குட்டி ஈனும். 1792, 1793ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்காளச் செம்மறிகள் கப்பலில் சிட்னிக்குச் சென்றன. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் புரூலா மெரினோ என்ற ஆடுகள் அதிகக் குட்டி ஈனுவது கண்டு உலகமே வியந்தது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. அதே மாற்றம் காரோல் ஆட்டிலும் இருந்தது. மகாராட்டிர மாநிலம் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஒரு குணத்தைத் தக்காணிச் செம்மறியில் சேர்த்து, இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளை உருவாக்கியது. சிறியது, எடை இல்லாதது என்று காரோலை முன்பே கலந்து முடித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஒரே கிடாயால் வரும் கேடு

வெளிக்கிடாய் கூடாது என்றால் சொந்தக் கிடாயையே காலம் முழுவதும் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. மூன்று ஆண்டுகள் ஒரே கிடாய் நின்றால் அது தன் மகளோடு சேர்கிறது. பின் பேத்தியோடும் சேர்கிறது.

எல்லா உயிர்களிலும் சில குறைகள் மறைந்து கிடக்கின்றன. தாய் வழியில் ஒன்றும் தகப்பன் வழியில் ஒன்றுமாக, ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் அது குட்டியில் வெளிப்படும். உறவு இல்லாத ஆடுகள் சேரும்போது இப்படி நேர்வது அரிது. தகப்பனும் மகளும் சேரும்போது, எந்த ஒரு மரபணுவிலும் ஒரே பிரதி இரு வழியாகவும் வந்து சேர 100க்கு 25 வாய்ப்பு உண்டாகிறது. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவை சேர்ந்தால் 100க்கு 12½. இதன் விளைவாகக் குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன. பிறந்த சில நாட்களில் சாகின்றன. கீழ்த்தாடை குட்டையாக இருக்கின்றன. பெட்டைகள் பருவத்துக்கு வந்தும் சினை நிற்பதில்லை. பல ஊர்களில் இதைத் திருஷ்டி என்றும் கிடை ராசி இல்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் எத்தனை பெட்டை இருக்கிறது என்பதைவிட எத்தனை கிடாய் இருக்கிறது என்பதே முக்கியம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிடாய் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, இரண்டும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஒரு கிடாய், 30 பெட்டை என்றால் 120ஐ 31ஆல் வகுக்க, ஏறத்தாழ 4 வரும். அதாவது கண்ணுக்கு 31 ஆடு தெரிந்தாலும், இனவிருத்திக் கணக்கில் அது 4 ஆட்டுக்குச் சமம். பெட்டைகளை 100 ஆக்கினாலும் அந்த எண் 4ஐத் தாண்டுவதில்லை! கிடாயை இரண்டாக்கினால் உடனே ஏழரை ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து புது இரத்தம் வராத பட்டியில் இந்த எண் 4 என்றால், தலைமுறைக்கு 100க்கு 12½ வீதம் இரத்த நெருக்கம் கூடும். எண் 50 ஆனால் 100க்கு ஒன்றுதான் கூடும். இனப் பாதுகாப்பில் 50ஐக் குறைந்த அளவாக வைத்துக்கொள்வது வழக்கம்.

30 பெட்டை வைத்திருப்பவர் தனியாக 50ஐ எட்டவே முடியாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ஓர் ஊரிலோ அடுத்தடுத்த இரண்டு மூன்று ஊர்களிலோ ஒரே இனத்து ஆடு வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால், 10 கிடாய், 300 பெட்டை ஆகிறது. கணக்கு 39க்கு வந்துவிடும். அவர்களில் மூவர் இரண்டாவது கிடாய் ஒன்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 50. ஒரு பெரிய அரசுப் பண்ணை செய்யக்கூடிய வேலையை இந்தப் பத்துச் சிறு விவசாயிகள் செய்துவிடலாம். புதுச் செலவு அதிகமில்லை. கிடாயை ஒழுங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கிடாய் மாற்று முறை

பட்டிகளை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் பட்டியில் பிறந்த நல்ல கிடாய் இரண்டாம் பட்டிக்கும், இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதுக்கும், இப்படியே கடைசிப் பட்டியில் பிறந்தது முதல் பட்டிக்குமாகப் போக வேண்டும். திசையை மாற்றக் கூடாது. எந்தக் கிடாயும் ஒரு பட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டாண்டு முடிந்த கிடாயை விற்கலாம். நல்ல கிடாயானால், அதே திசையில் அடுத்த பட்டிக்கு அனுப்பலாம். யார் கிடாயை யார் வைத்திருப்பது, செத்துப்போனால் யார் பொறுப்பு, விற்றால் பணம் யாருக்கு என்பவற்றை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இம்முறை முறிந்துபோகும் இடங்களில் பெரும்பாலும் கணக்கு வழக்கில்தான் முறிகிறது.

சில ஊர்களில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் ஊர் முழுவதும் சுற்றி மேய்ந்து எல்லாப் பட்டிப் பெட்டைகளையும் பொலிந்து வருகிறது. ஊனமில்லாத நல்ல குட்டியைத்தான் நேர்ந்துவிடுவார்கள் என்பதால், தெரிந்தோ தெரியாமலோ ஊருக்கு இது உபகாரமாகவே இருந்து வந்தது. கொடை தள்ளிப்போய் அந்தக் கிடாய் நான்கைந்து ஆண்டு நின்றுவிட்டால்தான் சங்கடம்.

எந்தக் குட்டியை வைப்பது?

குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஈற்றாவது ஒழுங்காக ஈன்று, இரட்டைக் குட்டிகளையும் தன் பாலிலேயே காப்பாற்றிய தாயின் குட்டியே தகுதியானது. ஒரு முறை மட்டும் இரட்டை போட்டதை நம்பிவிடக் கூடாது. இரட்டை ஈனும் குணம் பரம்பரையாக இறங்கும் அளவு குறைவு. அந்த ஆண்டு மழையும் மேய்ச்சலும்கூட அதற்குக் காரணமாயிருக்கலாம். எடை கூடும் குணம் அப்படியன்று, நல்ல அளவுக்கு இறங்கும். எனவே ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளை மூன்றாம் மாதம் நிறுத்துப் பார்த்து, முதல் இரண்டு மூன்றைச் சந்தைக்கு அனுப்பாமல் வைத்து, ஆறாம் மாதம் மறுபடி நிறுத்து, ஒன்றை முடிவு செய்யலாம். ஒற்றைக் குட்டி இரட்டையைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அதன் தாய்ப்பாலுக்குப் பங்காளி இல்லை. ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் ஒப்பிட வேண்டும்.

இரண்டு விதைகளும் ஒரே அளவாய், பைக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்த வேண்டும். குளம்பு நேராக ஊன்ற வேண்டும். நிறமும் முகக்கோடும் இனத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்; ஆனால் நிறத்துக்காக வளர்ச்சி குன்றிய குட்டியை வைக்க வேண்டாம்.

நல்ல குட்டியைச் சந்தைக்கு அனுப்பாமல் வைப்பதில் நட்டம் இருப்பது உண்மைதான். கைக்கு வரும் பணத்தை ஓராண்டு தள்ளிப்போட எல்லாச் சிறு விவசாயிகளாலும் முடியாது. பிள்ளையின் பள்ளிக்கட்டணம் காத்திருக்காது. மாற்று முறையில் சேர்ந்த பட்டிக்காரர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, குட்டிக்குச் சொந்தக்காரருக்கு அன்றைய சந்தை விலையைக் கொடுத்து, கிடாயைப் பொதுவாக வைத்துக்கொண்டால் அந்தச் சுமை ஒருவர் தலையில் விழாது.

தேர்ந்தெடுத்தது போக மீதிக் கிடாய்க்குட்டிகளை இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிட வேண்டும். நான்கு மாதம் கடந்த குட்டியே பெட்டையைப் பொலிந்துவிடக் கூடும். பக்ரீத்துக்கென்று காயடிக்காமல் வளர்ப்போர் அவற்றைத் தனியே கட்டி வளர்க்கலாம். மேய்ச்சலுக்கு விட்டால் வயிற்றடியில் சாக்குத் துண்டைக் கட்டிவிடலாம்.

கலப்பு வேண்டுவோர்

தண்ணீர் வசதியும் பசுந்தீவனமும் உள்ளவர்கள், கொட்டிலில் கட்டி வளர்த்து இறைச்சிக்கு விற்பவர்கள், தலைச்சேரிக் கிடாயை வைத்து லாபம் பார்ப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது. அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலப்பில் கிடைக்கும் வேகம் முதல் தலைமுறைக் குட்டியில்தான் முழுமையாக இருக்கும். அதற்குத் தாயும் தகப்பனும் வேறு வேறு தூய இனமாக இருப்பது அவசியம். தாய் கலப்பாகிவிட்டால் அந்த வேகம் குறையும். எனவே கலப்புக் குட்டிகளைக் கிடாய், பெட்டை இரண்டையும் விற்றுவிட வேண்டும். கலப்புப் பெட்டையைத் தாயாக வைக்கக் கூடாது. 30 பெட்டையில் ஆண்டுக்கு 6 கழிகிறது என்று கொண்டால், சிறந்த 12 பெட்டைகளைச் சொந்த இனக் கிடாயோடு சேர்த்தாலே மாற்றுக்குட்டிகள் கிடைத்துவிடும். மற்ற 18க்குக் கலப்புக் கிடாயை விடலாம். ஒன்றாக மேயும் பட்டியில் இது நடக்காது. இரண்டு கிடாய்களையும் கட்டி வைத்துப் பருவத்துக்கு வந்த பெட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கே இது பொருந்தும்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இவை எல்லாவற்றுக்கும் துணையாகும். ஆட்டின் அடையாளம், தாய், தகப்பன், ஈன்ற தேதி, எத்தனை குட்டி, மூன்றாம் மாத எடை ஆகியவற்றை எழுதி வந்தால் போதும்.

புதுக்கிடாய் பட்டிக்கு வரும்போது

கிடாய் மாற்றும்போது நோயும் கூடவே இடம் மாறக்கூடும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் தமிழ்நாட்டில், விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது. நாட்டு ஆட்டுக்கு இது வராது என்று சிலர் நம்புவது தவறு. நான்கு மாதம் கடந்த எல்லா ஆடுகளுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வேறு பட்டியிலிருந்து வரும் கிடாயை மூன்று வாரம் தனியே கட்டி, சளி, கழிச்சல், வாய்ப்புண் இருக்கிறதா என்று பார்த்து, குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். கன்றுவீச்சு நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்து, குறை இல்லை என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகே அதைப் பெட்டைகளோடு விட வேண்டும்.